வேலியைத் தாண்டும் துளி

எங்கே அறுந்து விழுவது என்று தண்ணீர் எடுக்கிற முடிவுக்குத்தான் துளி என்று பெயர். அந்த முடிவைத் தண்ணீர் எடுப்பதற்கு முன்னால் நாம் சொல்லிவிட வேண்டும். என் வேலை அதுதான். மருந்து தெளிக்கும் கருவியின் வாயில், நாசில் என்று எல்லோரும் சொல்கிறோமே அந்தச் சின்னத் துளையில், வெளியே வரும் திரவம் எந்த அளவுத் துளிகளாக உடையும் என்று முன்கூட்டிச் சொல்வது. பிறகு அளந்து பார்ப்பது. பிறகு, பெரும்பாலும், தலையைச் சொறிவது.

கோயம்புத்தூரில் நாசில் செய்யும் ஒரு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் என் வயதில் பாதிக்கு மேல் போயிற்று. சென்ற ஆண்டு நானாகக் கேட்டு ஓய்வு வாங்கிக்கொண்டேன். காற்றுச் சுரங்கத்தின் விசிறி என் வலது காதைக் கொஞ்சங் கொஞ்சமாகத் தின்றுவிட்டிருந்தது. இடது காது எனக்கு வேண்டும், மழை கேட்க.

விடைகொடுத்த அன்று சின்னவர்கள் சுற்றி நின்றார்கள். அவர்கள் கையில் இருக்கும் போனில் நாசிலின் எண்ணையும், அழுத்தத்தையும், ட்ரோன் பறக்கும் வேகத்தையும் தட்டினால் துளியின் அளவு வந்து நிற்கிறது.

"அக்கா, இது இல்லாம நீங்கெல்லாம் எப்படிங்க்கா சமாளிச்சீங்க? ஏதாச்சும் எழுதிக் குடுங்க," என்றாள் ஒருத்தி.

"கதையா இருந்தாலும் பரவால்லீங்க," என்று பின்னாலிருந்து ஒருவன்.

"கதை எழுதுனா நீ மொதப் பக்கத்துலயே தூங்கிப்போடுவே," என்றேன். சிரித்தார்கள். சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. கேள்வி என்னோடு மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறி வீடு வரை வந்தது.

அவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒரு மனிதரின் பழக்கமும், ஒரு நாளும்தான். மற்றதெல்லாம் நாசிலைக் கழுவி நாசிலை மாட்டிய நாட்கள்.

பாலிடெக்னிக் முடித்த கையோடு உள்ளே போனேன். முதல் சில ஆண்டுகள் முதுகில் மாட்டும் கைத்தெளிப்பான், பிறகு விசைத்தெளிப்பான், பிறகு டிராக்டரில் கட்டியது, கடைசியில் வானத்தில் பறப்பது. தெளிக்கும் கை மண்ணை விட்டு மேலே போகப் போக, எங்கள் கூடத்தில் பேச்சு குறைந்தது. தரையில் தவறினால் பக்கத்துப் பாத்தி நனையும். மேலே தவறினால் எங்கே நனையும் என்று தவறியவனுக்கே தெரியாது.

அந்த மனிதர் சாதிக் சார். எங்கள் கூடத்தின் தலைவர். கோட்டைமேட்டுக்காரர். அவருடைய அப்பா பூட்டு ரிப்பேர் செய்தவராம். அதனாலோ என்னவோ, சார் நாசிலைக் கையில் எடுத்தால் முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் துளை வழியாகப் பார்ப்பார். ஒரு கண்ணை மூடி, மூச்சையும் நிறுத்தி. துளையின் உதட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்தால் போதும், தண்ணீர் விசிறி போல விரிவதற்குப் பதில் ஒரு பக்கம் வாய் கோணிப் போகும். அடைத்துக்கொண்ட நாசிலை யாராவது குண்டூசியால் குத்தினால் அவருக்கு முகம் மாறிவிடும். "பல்லுக் குத்தற மாதிரி குத்தாதீங்க. ஊற வைங்க. அதுவா விடும்," என்பார். யாரையும் ஒருமையில் கூப்பிட்டதில்லை. நாசிலைக்கூட "இவர் இன்னிக்கு ஒத்து வரமாட்டேங்கறாருங்க" என்றுதான் சொல்வார்.

சோதனை இப்படி நடக்கும். நாசிலை மாட்டுவோம். தண்ணீரின் வெப்பத்தைப் பார்ப்போம். அழுத்தமானியின் முள் ஆடி அடங்கும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது. காற்றுச் சுரங்கம் என்பது ஒரு நீண்ட தகரக் கூடு, ஒரு முனையில் பெரிய விசிறி. ட்ரோன் பறக்கும்போது நாசிலின் மேல் எவ்வளவு காற்று அடிக்குமோ அவ்வளவையும் அந்த விசிறி கொடுக்கும். தெளிப்பின் குறுக்கே ஒரு லேசர் ஒளி போகும். துளிகள் அந்த ஒளியைச் சிதறடிக்கும். சிதறிய விதத்தைப் பார்த்து இயந்திரம் அளவைச் சொல்லும்.

ஆனால் இயந்திரம் வாயைத் திறப்பதற்கு முன்னால் நாங்கள் திறக்க வேண்டும். அது சாரின் சட்டம். சுவரில் ஒரு கரும்பலகை. கூடத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் சாக்பீஸை எடுத்து இரண்டு கணிப்பு எழுத வேண்டும். முதலாவது, துளியின் நடு அளவு. தெளித்த நீரில் பாதி அதைவிடப் பெரிய துளிகளிலும், மறுபாதி அதைவிடச் சிறிய துளிகளிலும் இருக்கும், அப்படி ஓர் அளவு. இரண்டாவது, தலைமுடியின் தடிமன்கூட இல்லாத பொடித்துளிகளாக எவ்வளவு போகும் என்பது. அதற்குச் சார் வைத்த பெயர் பறக்கிற பங்கு.

"அளந்துட்டுச் சொன்னா அது சரித்திரமுங்க. நாம என்ன சரித்திர டிப்பார்ட்மெண்டுங்களா? முந்திச் சொல்லோணும்."

என்னோடு வேலை பார்த்த குமரேசன் ஒருமுறை, "சார், எனக்கு இன்னிக்கு மனசு சரியில்லீங்க, நெம்பர் வரமாட்டேங்குது," என்றான்.

"மனசு சரியில்லாத நெம்பரையும் போடுங்க. எவ்வளவு தப்புதுன்னு பாத்தா மனசு எவ்வளவு சரியில்லைன்னு தெரிஞ்சு போகும்."

தவறாகச் சொன்னவரைப் பார்த்து யாரும் சிரிக்கக்கூடாது. ஆனால் ஏன் தவறியது என்று அவர் நின்று சொல்லியாக வேண்டும். சாருடையதே தவறினால், அன்று அவருக்கு ஒரு தனி உற்சாகம் வந்துவிடும். டீயைக்கூட மறந்து பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பார்.

விவசாயிகளுக்குப் புகை போல வந்தால்தான் பிடிக்கும். பொகையாட்டம் போனாத்தானுங்க இலைக்கு அடியில எல்லாம் ஒட்டும் என்பார்கள். கண்ணுக்கு அழகாகவும் இருக்கும், வெயிலில் ஒரு சின்ன வானவில்கூட நிற்கும். சார் அந்த வானவில்லைப் பார்த்துப் பயப்படுவார். பெரிய துளிக்குக் கனம் இருக்கிறது, விழ வேண்டிய இடம் தெரியும். பொடித்துளிக்குக் கனம் இல்லை, காற்று கூப்பிட்டால் போய்விடும். வீட்டில் கட்டுப்படாத பிள்ளை போல என்று ஒருமுறை நான் சொல்ல, "பிள்ளைய ஏன் சொல்றீங்க, காத்தைச் சொல்லுங்க. நம்மூர்க் காத்து சும்மா இருக்குமா?" என்றார்.

நம்மூர்க் காற்று சும்மா இருப்பதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து நுழைந்து கிழக்கே தள்ளிக்கொண்டே போகும். ஆடியில் அது தென்னையைச் சீவிவிட்ட மாதிரி ஒரே பக்கம் வளைக்கும்.

அந்தக் காற்று வீசிய ஒரு நாளைத்தான் சொல்ல வந்தேன்.

பொள்ளாச்சிக்குக் கிழக்கே ஒரு ஊர். பழனிச்சாமி என்பவர் மக்காச்சோளம் போட்டிருந்தார். படைப்புழு விழுந்துவிட்டது. ட்ரோனை வாடகைக்கு ஓட்டும் ஒரு குழுவைக் கூப்பிட்டார். அந்தக் குழு எங்கள் நாசிலைத்தான் மாட்டியிருந்தது. அந்தப் பக்கத்து விவசாயிகள், மருந்து இலையில் ஒட்டுவதற்காகக் கூடவே சோப்பையும் கரைத்து ஊற்றுவார்கள். ஆகவே சார் முன்பே அந்த ஊர்களின் போர்வெல் தண்ணீரைக் கேன்களில் வரவழைத்து, அதே சோப்பைக் கரைத்து, சுரங்கத்தில் சோதித்திருந்தார். போர்த் தண்ணீர் சுத்த உப்பு. சோப்பு அதில் நுரைக்காது. திரிந்த பால் மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பிரியும். அந்தத் துணுக்குகள், நாசிலிலிருந்து விரியும் தண்ணீர்ப் படலத்தைச் சீக்கிரமே கிழித்துவிடும். படலம் இன்னும் தடிமனாக இருக்கும்போதே கிழிவதால் துளி பெரிதாக வரும். பறக்கிற பங்கு மிகக் குறைவு, பக்கத்து வயலுக்குப் போகாது என்று சார் கணித்தார். அளந்தோம். அப்படியே இருந்தது. அந்தக் கணிப்பைக் குழுவுக்குக் கொடுத்தோம்.

பழனிச்சாமியின் வயலுக்குக் கிழக்கே, ஒரு கிளுவை வேலியும் கொஞ்சம் தரிசும் தாண்டி, சிவகாமி என்ற பெண்ணின் மல்பெரித் தோட்டம். அதை ஒட்டி, அந்தத் தழையைத் தின்னும் பட்டுப்புழுவை வளர்க்கும் மனை. ட்ரோன் பறந்து போன மறுநாள், நான்காம் தோலுரிப்பு முடிந்து கூடு கட்டப் போகும் நிலையில் இருந்த அவளுடைய புழுக்கள் முழுதும் செத்துப் போயின.

படைப்புழுவைக் கொல்லும் மருந்து பட்டுப்புழுவையும் கொல்லும். இரண்டும் புழு. மருந்துக்கு உறவு தெரியாது.

ஆனால் மருந்துதான் என்று யாராலும் காட்ட முடியவில்லை. நோய் என்றால் பரவிவிடுமே என்று பயந்து, செத்த புழுவையும் மிச்சத் தழையையும் அன்றே குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடச் சொல்லிவிட்டார்கள் ஊரில். பட்டு வளர்ச்சித் துறையிலிருந்து ஆள் வந்து பார்த்தபோது பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. பழனிச்சாமி எங்கள் கணிப்பைத்தான் ஊருக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். கோயம்புத்தூர்ல லேப்புலயே சொல்லிட்டாங்க, வேலியத் தாண்டாதுன்னு. அப்பறம் புழு எப்படிச் சாகும்? ஊட்டுல சுத்தம் பத்தலை.

சுத்தம் என்ற சொல்லுக்குப் புழு வளர்ப்பவர்களிடம் இருக்கும் கனம் வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கைகால் கழுவாமல் மனைக்குள் போக மாட்டார்கள். அவளுக்கு இனி இளம்புழு கொடுப்பதே வீண் என்று பேச்சு கிளம்பியிருந்தது. அடுத்த தெளிப்புக்கு நாள் வந்தபோது, ஊர்ப் பெரியவர்கள் இருவர் ட்ரோன் குழுவிடம் சொன்னார்கள்: கணக்குச் சொன்னவங்களே வந்து காட்டிப்போட்டுப் போகட்டும், அப்பறம் மெஷின் பறக்கட்டும்.

சாரும் நானும் போனோம்.

மருந்து இல்லாமல், சோப்புக் கரைசல் மட்டும் ஊற்றிப் பறக்கவிடுவது என்று ஏற்பாடு. குச்சிகளில் மஞ்சள் தாள் கட்டினேன். அந்தத் தாளில் ஈரம் பட்ட இடம் நீலமாகிவிடும். ஒவ்வொரு துளியும் தன் அளவுக்கு ஒரு நீலப் புள்ளி வைத்துவிட்டுப் போகும். சோளக்காட்டின் ஓரத்தில், வேலியில், தரிசில், மல்பெரி வரிசைகளுக்குள் என்று நட்டுக்கொண்டே போனேன். சிவகாமி ஒவ்வொரு குச்சியையும் பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். கைகளைச் சேலைத் தலைப்புக்குள் வைத்திருந்தாள்.

பழனிச்சாமி குடத்தில் போர்த் தண்ணீர் கொண்டு வந்து சோப்பைக் கரைத்தார்.

"அன்னிக்குப் போட்ட மாதிரியேதானுங்களே?" என்றார் சார்.

"அதே சோப்புங்க, அதே அளவுங்க. ட்ரோனும் அதேதான், ஓட்டற தம்பியும் அதேதான். வேணும்னா நானும் அன்னிக்குக் கட்டுன வேட்டியவே கட்டிட்டு வாரேனுங்க," என்றார் பழனிச்சாமி. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

சார் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "முந்தியே சொல்லிப்போடறேனுங்க. வேலியில ஏதோ ஒண்ணு ரெண்டு விழும். மல்பெரிக்குப் போகாது."

ட்ரோன் எழுந்தது. காற்று அன்று வீசிய மாதிரிதான் வீசுகிறது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். போய்த் தாள்களைப் பார்த்தோம். வேலியில் அங்கங்கே ஒரு நீலம். தரிசில் தேடித்தான் பார்க்க வேண்டும். மல்பெரிக்குள் ஒவ்வொரு தாளும் கடையில் வாங்கி வந்த மாதிரி மஞ்சளாக இருந்தது.

"பாத்தீங்களா அம்மணி?" என்றார் பழனிச்சாமி, சிவகாமியைப் பார்த்து. குரலில் குரூரம் இல்லை. ஒரு பெரிய மனுசன் கணக்கை முடித்து வைக்கும் குரல். "மெஷின் மேல பழி போட்டா ஆச்சுங்களா? நம்ம ஊட்டுக்குள்ள நாமதானே பாத்துக்கோணும்."

சிவகாமி திரும்பி மனையை நோக்கி நடந்தாள். குச்சிகளைப் பிடுங்கும் சாக்கில் நான் பின்னாலேயே போனேன்.

மனையின் வாசலில் அவள் மாமியார் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "புழு செத்ததுல இருந்து அத்தை எங்கூடப் பேசறதில்லீங்க்கா," என்றாள் சிவகாமி, மெல்ல. கணவன் திருப்பூரில் வேலை, வாரத்துக்கு ஒருநாள் வருவான். வீட்டில் இவர்கள் இருவரும்தான்.

மனையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனோம். அங்கேதான் அவள் கைகளை வெளியே எடுத்தாள். தோல் உரிந்து, விரல் இடுக்குகளில் சிவந்து கிடந்தது. பிளீச்சிங் பவுடர். மறுபடி மறுபடி மனையைக் கழுவியிருக்கிறாள்.

"கடைசியில எப்படிங்க இருந்துச்சு புழு?" என்றேன்.

"பச்சையா கக்குச்சுங்க. தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டுச்சு. யாரையோ கூப்பிடற மாதிரி." மனை வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள். "அக்கா, நீங்க பொம்பளைங்கறதால கேக்கறேன். வேற ஆருகிட்டயும் கேக்க முடியாதுங்க. எனக்குத் தூரமான நாள்லங்க அது. அந்த நாள்ல உள்ள போகக்கூடாதுன்னு எங்க பக்கம் வெச்சிருக்கறது. அன்னிக்கு அத்தை உள்ள இருந்து, தழை வாடுது வாடுதுன்னு கூப்பிட்டாங்க. அவங்களுக்குத் தெரியாதுன்னு நானும் சொல்லாமப் போய்ப் போட்டுட்டு வந்துட்டேன். அதனாலயாங்க?"

"அதனால புழு சாகாது கண்ணு."

"அப்பறம் எதனாலங்க?"

அவள் குரல் உயரவில்லை. ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் வழி கேட்கும் குரல்தான். கக்குவதும் தலையை ஆட்டுவதும் விஷத்தின் அடையாளம் என்று எனக்குத் தெரியும். ஆனால் விஷம் வேலியைத் தாண்டி வரவில்லை என்று சொன்னவர்கள் நாங்கள். சற்று முன்னால் மஞ்சள் தாளை ஊருக்கே பிரித்துக் காட்டியவர்கள். காரணம் தெளிப்பு இல்லையென்றால் அவள் கைகள்தான். அவளுக்கு வேறு இடம் மிச்சம் வைக்காமல் எங்கள் கணிப்பு நின்றுகொண்டிருந்தது. ஒரு துளியின் அளவை மட்டும்தான் சொன்னோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் இத்தனை நாளும்.

பழனிச்சாமியின் வீட்டில் எங்களுக்கு டீ போட்டார்கள். அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் போல அங்கேயும் இரண்டு குழாய். ஒன்றில் போர் உப்புத் தண்ணீர், குளிக்க, துவைக்க, மாட்டுக்கு. இன்னொன்றில் முறை வைத்து வரும் குடிநீர். அதை நல்ல தண்ணி என்பார்கள். அவர் மனைவி சொம்பை நீட்டி, "வெயில்ல நின்னிருக்கீங்க, நல்ல தண்ணி குடிங்க," என்றார்.

வாசலில் ட்ரோன் ஓட்டும் பையன் நாசிலைக் கழற்றிக் கழுவிக்கொண்டு முணுமுணுத்தான். "ஏனுங்கண்ணா, இன்னிக்கு ஏன் இப்படித் திரிஞ்சு அடைச்சிருக்கு? அன்னிக்கு ஒண்ணுமே அடைக்கலையே. நுரை பொங்கிட்டு வந்துச்சே."

பழனிச்சாமி சிரித்தார். "அன்னிக்கு ஊத்துனது நல்ல தண்ணி அல்லோ! மெஷின் மொத மொதலா நம்ம காட்டுக்கு வருது. ஒறம்பரை வந்தா உப்புத் தண்ணியா குடுப்போம்? ஊட்டுத் தொட்டியில இருந்து கொண்டாந்து ஊத்துனேன். இவ கூடக் கேட்டா, குடிக்கற தண்ணிய ஏன் வீணாக்கறீங்கன்னு. அத்தனை வெலை மெஷினு, உப்பு ஏறிப்போச்சுன்னா? இன்னிக்கு வெறும் சோதனைதானேன்னு போர்த் தண்ணிய ஊத்துனேன்."

விருந்துக்கு வந்த உறவை உபசரித்ததைச் சொல்லும் பெருமை அவர் முகத்தில் இருந்தது. சார் டீ டம்ளரைத் தரையில் வைத்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பலகைக்கு முன்னால் நிற்கும் நிலை அது.

நல்ல தண்ணீரில் சோப்பு திரியாது. முழுதும் கரைந்து தண்ணீரின் இழுப்பைத் தளர்த்திவிடும். தளர்ந்த படலம் மெலிந்து மெலிந்து போய்க் கடைசியில் பொடிப் பொடியாக உடையும். வானவில் நிற்கும் தெளிப்பு அது.

"அய்யா," என்றார் சார், "அதே நல்ல தண்ணிய ஊத்தி இன்னொரு தடவை பறக்க விடலாங்களா?"

"எதுக்குங்க? பாத்தாச்சே."

"முந்தியே சொல்லிப்போடறேனுங்க. இந்தத் தடவை அது வேலியத் தாண்டும். மல்பெரிக்குள்ள போகும்."

பழனிச்சாமியின் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்று, பிறகு போயிற்று. "காலையில போகாதுன்னீங்க."

"காலையில சொன்னது உப்புத் தண்ணிக்குங்க."

ஓட்டும் பையன் எழுந்து வந்தான். "சார், அப்ப உங்க நெம்பர் சரிதானுங்களே. தண்ணிதானே மாறிப்போச்சு. நம்ம மேல தப்பில்லையே."

"தம்பி," என்றார் சார், "அந்த நெம்பரைச் சொல்லித்தானே அந்த அம்மாவை ஊருக்குள்ள சுத்தமில்லாதவங்கன்னு சொல்லியிருக்காங்க. அது என் நெம்பர். எந்தத் தண்ணிக்குன்னு உரக்கச் சொல்லாம விட்டது நான்."

பழனிச்சாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். "வேண்டாமுங்க," என்று சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் நிலம், அவர் தண்ணீர், அவர் மறுத்தால் நாங்கள் வண்டியேறிப் போக வேண்டியதுதான்.

அவர் மனைவி குடத்தை எடுத்தார்.

"நீங்க நில்லுங்க, நான் கொண்டாரேன்," என்று நல்ல தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கினார். "எல்லாரும் பாக்கட்டும். போகலைன்னா போகலை. போச்சுன்னா, அந்தப் புள்ள என்ன பாடுபட்டுருக்கும்?"

மறுபடி குச்சிகளை நட்டேன். சோப்பைக் கரைத்ததும் நுரை வாளி விளிம்புக்கு ஏறியது. ட்ரோன் எழுந்து சோளத்தின் மேல் போனதும் அதன் கீழே வெயிலில் ஒரு வானவில் தெரிந்தது. காற்று வந்து அந்த நிறத்தை மெல்லக் கிழக்கே இழுத்துக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தார்கள். ஒரு பெரியவர், "அட, போகுதே," என்றார், தன்னை அறியாமல்.

தாள்களை ஒவ்வொன்றாகப் பழனிச்சாமிதான் எடுத்தார். சார் அவரையே எடுக்கச் சொன்னார். வேலியில் தாள் முழுதும் நீலம். தரிசில் நீலம். மல்பெரியின் முதல் வரிசை, அம்மை போட்ட முகம் மாதிரி பொடிப்பொடியாகப் புள்ளிகள். உள்வரிசைகளிலும். கடைசித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நிமிரவே இல்லை.

சிவகாமி வேலியோரம் நின்றிருந்தாள். அவர் அங்கே போய்த் தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அம்மணி, நல்ல தண்ணி ஊத்துனது கெடுதலுக்கு இல்லீங்க."

"தெரியுங்கண்ணா."

"ஊருக்குள்ள எங்கெங்க என்ன சொன்னனோ, அங்கெல்லாம் நானே போய்த் திருப்பிச் சொல்லிப்போடறேன். இந்தப் பக்கம் இனி மெஷின் வராது. மருந்தைச் சோளக் குருத்துல கையாலயே போட்டுக்கறேன்." தாளை அவளிடமே கொடுத்துவிட்டு, வந்த வழியே திரும்பினார். சார் அவரோடு கூடவே நடந்தார். தோள் உரச இருவரும் போனது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

நான் சிவகாமியோடு மனைக்குப் போனேன். மாமியார் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் நீலப் புள்ளி விழுந்த தாளை அவர் மடியில் வைத்தாள்.

"மருந்துதானுங்களாம் அத்தை. காத்துல வந்துச்சாம்."

கிழவி தாளைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். சிவகாமி கீழே உட்கார்ந்தாள். சொல்லத் தேவையில்லாத ஒன்றை இனிமேல்தான் சொல்ல முடியும் போலிருக்கிறது. அவள் சொன்னாள்: "அன்னிக்கு நான் தூரமா இருந்தனுங்க. உங்களுக்குத் தெரியாம உள்ள வந்துபோட்டேன்."

மனைக்குள் காலியான தட்டுகளில் காற்று புகுந்து போகும் சத்தம் கேட்டது.

"தெரிஞ்சுதான் கண்ணு கூப்பிட்டேன்," என்றார் மாமியார்.

சிவகாமி நிமிர்ந்தாள்.

"தழை வாடுது, புழு பசியில தலையைத் தூக்குது. ஒத்தை ஆளு நான் எத்தனை தட்டுக்குப் போடுவேன்? சாமி மன்னிக்கும்னு கூப்பிட்டுப்போட்டேன். மறுநா அத்தனையும் போச்சு. என் சொல்லைக் கேட்டு வந்தவ நீ. உன் மொகத்தைப் பாத்து என்னன்னு பேசுவேன்?" அவள் கைகளை இழுத்து மடியில் வைத்தார். உரிந்த தோலைப் பார்த்ததும் அவருடைய வாய் கோணியது. "கையை இப்படி வேக வெச்சிருக்கியே."

இருவரும் அழுதார்களா என்று எனக்குத் தெரியாது. நான் மல்பெரியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். கவாத்து செய்த செடிகளில் புதுத் தழை ஒரு சாண் எழுந்திருந்தது.

பின்னால் சிவகாமியின் குரல் கேட்டது. "இளம்புழுவுக்குச் சொல்லிப்போடலாங்களா அத்தை?"

"சொல்லு," என்றார் அவர். "சூடம் காட்டி மொதத் தழை நீதான் போடோணும். அன்னிக்கு எந்த நாளா இருந்தாலுஞ் சரி."